இன்டர்வியூவுக்கு ஒரு நீலச் சேலை

நேற்றுக் காலை என் மகள் ஒரு சட்டையின் காலரை மட்டும் இஸ்திரி போட்டாள். காலர், அதற்குக் கீழே இரண்டு பொத்தான் அளவுக்கு நெஞ்சுப் பகுதி, அவ்வளவுதான். பெட்டியை அணைத்துவிட்டாள். சட்டைக் கைகள் இரண்டும் காய்ந்த வாழையிலை மாதிரி சுருண்டு கிடந்தன. பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே.

“மிச்சத்த யாரு போடுவா?” என்றேன்.

“அம்மே, காலர் மதி, அது போதும். பாக்கி ஒண்ணும் அவங்களுக்குத் தெரியாது” என்றாள். பூனைப் படம் போட்ட பைஜாமாவோடு போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் எழுந்து வந்து, எதுவும் நடக்காதது போல இட்லிக்குச் சட்னி கேட்டாள்.

எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை. காரணம் அந்த இஸ்திரி வாசம். சூடான பருத்தித் துணியில் தண்ணீர் தெளித்தால் பாதி சோறும் பாதி வெயிலுமாக ஒரு வாசம் வருமே, அது வந்தால் எனக்கு உடனே துணிக்குப் போடும் மரச்சீனிக் கஞ்சியும் என் அம்மாவும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். கூடவே என்னுடைய ஐந்தாவது இன்டர்வியூவும்.

அப்போது நாங்கள் கேரளத்தில், சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சாலையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. காலையிலிருந்து மடிப்பைப் பிரிப்பது, சாயங்காலம்வரை பிரித்ததை மடிப்பது. அந்தப் பழக்கத்தில் எந்தத் துணியைக் கண்டாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிடுவார். பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளின் சட்டைக் கையைத் தடவிவிட்டு, “இது நம்ம கடைச் சரக்கு இல்ல” என்று என்னிடம் சொல்வார். அடி வாங்காமல் வீடு வந்து சேர்ந்தோம் என்பதே பெரிய விஷயம்.

நான் சிவில் இன்ஜினீயரிங் முடித்திருந்தேன். நான்கு இன்டர்வியூவில் தோற்றிருந்தேன். தோல்விக்கெல்லாம் உடைதான் காரணம் என்பது எங்கள் வீட்டில் ஒருமனதான முடிவு. என் பதில்கள் காரணமாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முதல் இன்டர்வியூவுக்கு அம்மா தன்னுடைய அரக்குக் கரை பட்டுச்சேலையைக் கட்டிவிட்டாள். கேள்வி கேட்க வேண்டியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு வேண்டியிருக்கும் என்று கேட்டார். இரண்டாவதற்குச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். துப்பட்டா சுழல் நாற்காலியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பாதி நேரம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே பதில் சொன்னேன். மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள், உங்களுக்கும் வேலை இருக்கும்.

ஐந்தாவது, வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பிளான் வரைந்து கொடுக்கும் ஒரு கம்பெனி. இதுவும் போனால், அப்பாவின் கடையிலேயே பெண்கள் செக்‌ஷனில் எனக்கு ஒரு வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா அன்றைக்குச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

“நான் நிக்குத இடத்துல நீ வந்து நிக்கப்பிடாது மக்ளே. நீ உக்காந்து பாக்குத வேலை பாக்கணும்” என்றார். அவர் கால் நரம்புகள் புடைத்து நீலமாக இருக்கும். சேல்ஸ்மேன் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம்.

அதனால் இந்தத் தடவை சேலையை அவரே தேர்ந்தெடுத்தார். பத்து நாள் கடையில் தேடி, ஒரு கருநீலப் பருத்திச் சேலை கொண்டுவந்தார். மெல்லிய சாம்பல் கரை. உண்மையிலேயே நல்ல சேலை. அம்மாவிடம் கொடுத்து, “கஞ்சி நல்லா போடு. சேலை நிக்கணும். சேலை நின்னாத்தான் உள்ள இருக்க ஆளுக்குத் தைரியம் வரும்” என்றார்.

என் அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. சோற்றுக் கஞ்சி போதாது என்று மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, அதிலே சேலையை முக்கி, வெயிலில் போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, அடுக்கி பீரோவில் வைத்துவிட்டாள். இன்டர்வியூ அன்று காலை அப்பா கடைக்குப் போன பிறகு எடுத்தேன். சேலை பிரியவில்லை. அடுக்குக்கு அடுக்கு ஒட்டிக்கொண்டு ஒரு பலகையாக இருந்தது. ஓரத்தை லேசாக இழுத்தேன், அப்பளம் முறிகிற சத்தம் வந்தது. பயந்து விட்டுவிட்டேன். நிறுத்தி வைத்துப் பார்த்தேன். நின்றது.

அம்மா அதை அப்படியே எடுத்துத் திரும்பவும் பீரோவில் வைத்தாள். பிறகு, “அப்பாட்ட சொல்லிராதட்டி” என்றாள்.

பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றவளிடம் ஓடிப்போய் ஒரு சேலை கேட்டேன். கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளையில் தங்கச் சரிகைக் கசவு போட்ட கேரளச் சேலை. “எண்ணெய் ஆக்கருது, கேட்டோ” என்று, எண்ணெய் பட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நாள் பார்ப்பது சுவரில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரில்தான். அன்றைய தாளில் ஐப்பசி பதினைந்து, நல்ல நேரம் ஒன்பதேகால் முதல் என்று போட்டிருந்தது. நல்ல நேரத்தில் கிளம்பினேன். அன்றைக்கு நவம்பர் ஒன்று, மாநிலம் உருவான கேரளப் பிறவி தினம், ஊரிலுள்ள அத்தனை ஆபீஸிலும் பெண்கள் கசவுச் சேலையும் ஆண்கள் கசவு முண்டும் உடுத்தி வருகிற நாள் என்பது என் மூளையில் தட்டவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் இதே நாளில் மிட்டாய் வாங்கித் தின்றவள் நான்.

ஆபீஸ் வாசலில் குத்துவிளக்கு எரிந்தது. உள்ளே எல்லாரும் என்னைப் போலவே உடுத்தியிருந்தார்கள். ஆஹா, சரியான இடத்துக்குச் சரியான உடையில் வந்திருக்கிறோம் என்று பூரித்துப்போனேன். அப்போது வாசு அண்ணன் என்கிற பியூன் வேகமாக வந்தார்.

“எவிடெயாயிருந்நு? ஒம்பதரைக்கு வரான் பறஞ்ஞதல்லே?” என்று, சொன்னபடி ஒன்பதரைக்கு வராததற்குக் கடிந்துகொண்டு, என் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும், விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்ற வேண்டும், கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ரிசப்ஷனிஸ்ட் லீவு என்பதும், அவளுக்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு ஒரு பெண் வர வேண்டியிருந்தது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் இன்டர்வியூ வாசலிலேயே தொடங்கிவிடும், எங்கேயோ இருந்து கவனித்துக்கொண்டே இருப்பார்கள் என்று கூடப் படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். இது பரீட்சை என்றே முடிவு கட்டினேன். பட்டியலில் ஏழாவதாக என் பெயரே இருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது.

நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை எதிரிலிருந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கோட்டுப் போட்ட ஒரு பையன் வியர்வையில் குளித்திருந்தான். சட்டைக் காலருக்குள் பிளாஸ்டிக் வளையம் அப்படியே இருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன். புதுச் செருப்பு கடித்து நொண்டிய பெண்ணுக்குப் பஞ்சு கொடுத்தேன். பெட்டியிலிருந்து அன்றுதான் வெளியே வந்த துணிகளின் பாச்சை உருண்டை வாசம் அந்த வரிசை முழுக்க அடித்தது. எல்லார் வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் சாம்பல் நிறச் சுடிதாரில் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் பட்டியலில் இல்லை. “கீழ எங்கயாவது இருக்கும், பேடிக்கண்டா” என்று தைரியம் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள்தான் ரிசப்ஷனுக்கு வந்தவள். ஒன்பதரைக்கே வந்திருக்கிறாள். உடையைப் பார்த்து யாரோ அவளை அந்த வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏழாவது பெயரை நானே கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மூன்று பேர். நடுவில் ஒரு அம்மையார், பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “அடுத்த ஆளை விளிக்கூ, குட்டீ” என்றார்.

“விளிச்சு, மேடம். அது ஞானா” என்றேன், கூப்பிட்டாயிற்று, அந்த ஆள் நான்தான் என்று.

விஷயம் வெளியே வந்து எல்லாரும் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆனது. எனக்குக் காது சுட்டது. பரீட்சை இல்லையாம். போச்சு, நாளைக்குச் சாலைக் கடைதான் என்று நினைத்தேன். அப்பாவின் கால் நரம்பு கண்ணில் வந்தது. வலது பக்கம் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ரெண்டு மணிக்கூர் வெளியே நிந்நல்லோ, எந்து கண்டு?” என்றார். என்ன பார்த்தாய் என்கிறார்.

ரிசப்ஷனில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு ஆஸ்பத்திரி பிளான் மாட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் வேறு எதைப் பார்க்க? “முதல் மாடியில மருந்து ரூம் கதவத் திறந்தா, மாடிப்படி ஏறி வர்றவங்க மேல இடிக்கும் சார்” என்றேன்.

அது அவர் வரைந்தது. அவர் எழுந்து வெளியே போய் அதைப் பார்த்தார். வந்து உட்கார்ந்து, அம்மையாரிடம் மெதுவாக, “ஷெரியா” என்று ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அன்று அப்பா பெர்மிஷன் போட்டுவிட்டு நாலு மணிக்கே வந்துவிட்டார். அதற்குள் நான் கசவுச் சேலையை மாற்றியிருந்தேன். வேலை கிடைத்ததைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டது ஒன்றுதான். “சேலை எப்படி?”

“நல்லா நின்னுச்சுப்பா” என்றேன். அடுக்களையில் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்பா பீரோவைத் திறந்து அந்த நீலச் சேலையை எடுத்தார். மடிப்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். “ம். நல்ல சேலை” என்று சொல்லித் திரும்ப வைத்தார். மறுநாளிலிருந்து சாலை முழுக்க, தான் எடுத்துக் கொடுத்த சேலையில்தான் மகளுக்கு வேலை கிடைத்தது என்று சொல்லித் திரிந்தார். மூன்று தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சியைக் கழற்றி, நான் அதை உடுத்தியது திங்கட்கிழமைதான்.

அவரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று நானும் அம்மாவும் எத்தனையோ வருஷம் ரகசியமாகச் சிரித்திருக்கிறோம். நேற்று மகளின் சட்டையைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. காலர் வழவழவென்று, மற்றதெல்லாம் கசங்கி. எது போட்டது, எது போடாதது என்று எனக்கே விரலில் தெரிகிறது. ஆயுள் முழுக்கச் சேலை பிரித்து மடித்த மனுஷனுக்கு, பிரிக்கவே படாத ஒரு மடிப்பு தெரியாமலா இருந்திருக்கும்?

கேட்கலாம் என்றால் அவர் இல்லை. அம்மாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மகளுக்குச் சாயங்காலம் வேலை உறுதியாகி மெயில் வந்தது. அந்தச் சட்டை சோபாவின் மேல் கிடந்தது. எடுத்து முழுவதும் இஸ்திரி போட்டு, மடித்து வைத்தேன். தொட்டுப் பார்த்து, தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்ப வைத்துவிடுகிற அந்தக் கை மட்டும் வீட்டில் இல்லை.