எங்கள் வீட்டுக்குள் வந்த மழைநீர்க் கால்வாய்

எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய் கட்டப்போவதாக முனையில் பலகை வைத்தார்கள். இனி தெருவில் தண்ணீர் தேங்காது, சாயப்பட்டறைக் கழிவு கலக்காமல் ஏரித் தண்ணீரின் தரம் உயரும் என்று அதில் போட்டிருந்தது. படித்துவிட்டு நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆரணியில் எங்களைப் போலக் குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு மழை என்றாலே கண் வாசலிலேயே இருக்கும். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். தண்ணீர் வாசலைத் தாண்டினால் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான்.

கால்வாய் எழும்பியது. ஆமாம், எழும்பியது. கால்வாய் பள்ளத்தில் இருக்கும் என்று நாங்கள்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம். இது சாலையைவிட முழங்கால் உயரத்தில், வழவழப்பான கான்கிரீட் மூடியோடு நின்றது. பார்த்ததும் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். நாங்களோ குதூகலித்தோம். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டி வேலை செய்யும்போது டூவீலர்காரர்கள் குறுக்கே வருவது தீராத பேஜார். இனி மூடிமேலேயே பாவு போடலாம், எந்த வண்டியும் ஏறாது! திறப்பு விழாவில் இன்ஜினியருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பட்டு நெய்கிற ஊரில் பாலியஸ்டர் சால்வை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் ஏமாறவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தறியில் சந்தன நிற முகூர்த்தச் சேலை, முந்தானை மட்டும் பாக்கி. கல்யாணம் நெருங்கிவிட்டதால் பெண் வீட்டார் போனில் படம் கேட்டபடி இருந்தார்கள். தெருத் தண்ணீருக்கு அந்த உயரக் கால்வாயில் ஏறத் தெரியவில்லை, எங்கள் வீட்டுக்குள் இறங்கத் தெரிந்தது. வெறும் தண்ணீரா? மேட்டிலிருக்கும் சாயப்பட்டறையின் பச்சையையும் கூட்டிக்கொண்டு வந்தது. நானும் மனைவியும் மொண்டு மொண்டு ஊற்றியும் குழி நிரம்பி, நெய்த சேலை சுருட்டியிருந்த தறிமரத்தைத் தொட்டது. சந்தனத்தில் பச்சை ஏறியது. மனைவி வாய்விட்டு அழுதாள். எனக்கு அந்தப் பொன்னாடையைப் பிடுங்கி வர வேண்டும் என்று ஆத்திரம் வந்தது.

ஏரி மட்டும் அந்த மழையில் தெளிவாக இருந்ததாம். இருக்காதா? சாயமெல்லாம் எங்கள் வீட்டில் அல்லவா இருந்தது!

மழை விட்டதும் இன்ஜினியர் பார்வையிட வந்தார். பேண்ட்டை மடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி, பச்சைத் தண்ணீர் வற்றாத தறிக்குழியை எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள இவ்ளோ பெரிய பள்ளத்த வெச்சிகினு இருந்தா தண்ணி வராம இன்னாங்க பண்ணும்? மொதல்ல இத மூடுங்க."

தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடிடறோம் சார். நாளையிலருந்து உங்க கால்வாய்க்குள்ள கால விட்டு உக்காந்து நெய்யறோம். இந்தத் தெருவுல தண்ணி வராத குழி அது ஒண்ணுதான்."