வெங்காயக் கணக்கில் பிடுங்கிய பூண்டு

பூண்டு போட்டுச் சமைப்பதில் எங்கள் வளவு வீடுகளில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பல்லை நசுக்கக் கூடாது. முழுசாகப் போட்டு, பருப்போடு சேர்ந்து வெண்ணெயாக வேகவிட வேண்டும். கறிக்குழம்புக்கு விழுதாக அரைக்க வேண்டும். ரசத்துக்குத் தோலோடு ஒரு தட்டு, அவ்வளவுதான். அம்மா தவறிய பிறகு அப்பா காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார், அக்கா நூல் மில்லுக்குப் போனாள், அடுப்படி எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அக்கா ஷிப்டு ஷிப்டாக மில்லில் நின்றதால்தான் போக முடிந்தது.

அவளை அவிநாசிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நல்ல இடம். வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும், ராத்திரியும் ஓடும். வளைகாப்பு ஐப்பசிக் கடைசியில் வந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் பந்தியில் வைத்தே அக்காவின் மாமியார் அப்பாவிடம் பேச்சை எடுத்தார்.

"ஏனுங்கண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு ஆம்பளைங்க இருக்கற ஊட்டுல பத்தியச் சோறு ஆரு ஆக்கறது? கொழந்தை பொறந்ததும் நானே கூட்டிட்டு வந்துக்கறனுங்க."

"நான் ஆக்கறனுங்க அத்தை" என்றேன்.

"நீ ஆக்குவெ கண்ணு. பூண்டு எத்தனை பல்லுன்னு செல்போன்ல பாத்தா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் மெதுவாகச் சொன்னாள்: "அங்க எனக்குக் கொறை ஒண்ணுமில்லடா. ஆனா ஒரு மூணு மாசம், தறிச் சத்தம் இல்லாம நம்மூட்டுல படுத்துத் தூங்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கடைசியில் அத்தை ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். பிரசவம் முடிந்ததும் எங்கள் வீட்டில் வந்து சில நாள் தங்குவார். சரிப்பட்டு வந்தால் அக்காவை விட்டுப் போவார், இல்லாவிட்டால் அழைத்துப் போவார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு இல்லாமல் ஒரு வேளையும் கிடையாது. பால் ஊறுவதற்கு அதுதான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பூண்டை நாங்களே விளைய வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தொண்டாமுத்தூரில் எங்களுக்கு இருப்பது கையகலக் காடு. அதில் அப்பா வருசா வருசம் சின்ன வெங்காயம் போடுவார். அப்போதும் வெங்காயத்துக்கு மண்ணை வரிசையாக அணைத்துப் பார் பிடித்துத் தயாராக இருந்தது. மேட்டுப்பாளையம் மண்டியில் மலைப்பூண்டு வாங்கி, பல் பல்லாகப் பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வாய்க்கால் ஓரம் இரண்டு பாரில் ஊன்றினோம். மார்கழிப் பனிக்குப் பச்சைத் தாள் நன்றாக எழுந்தது. ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி அப்பா காட்டினார். "யானைகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சுங்க" என்பார். யானை அந்த வருசம் எங்கள் பக்கமே வரவில்லை.

தை பிறந்து வெங்காயம் பிடுங்கினோம். அப்பா அதே கையோடு பூண்டுப் பாரில் உட்கார்ந்துவிட்டார். கூடவே போட்டது கூடவே வரும் என்பது அவர் கணக்கு, என் கணக்கும் அதுதான். முதல் செடியை இழுத்தார். அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரே வெள்ளை உருண்டை, பல் பிரியவே இல்லை. "இது சவலை" என்று அடுத்ததைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே. அடுத்தது பெருசாக இருக்கும், அதற்கடுத்தது இருக்கும் என்று ஒரு பார் முழுக்கப் பிடுங்கிப்போட்டார். அப்புறம்தான் நான் செல்போனை எடுத்துப் பார்த்தேன். வெங்காயத்துக்கு ஆகிற காலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு பூண்டுக்கு ஆகுமாம்.

"தாளைப் பாத்தா வெங்காயமாட்டத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா. இரண்டாவது பாரைத் தொடவில்லை. பிடுங்கியதைக் கட்டி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டோம்.

மறுநாளே அக்காவுக்கு வலி வந்து பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அத்தையும் வந்தார், நன்றாகக் காய்ந்த பூண்டு ஒரு பையோடு. அன்றைக்கே நல்லெண்ணெயில் கருகக் கருக வதக்கிக் குழம்பு வைத்தார். கிண்ணம் பக்கத்தில் வந்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கர்ப்பத்தில் ஒட்டிக்கொண்ட பூண்டு வாடை ஒவ்வாமை இன்னும் போகவில்லை. நான் பூண்டைக் கருப்பட்டியில் கிளறிக் கொடுத்தேன், குமட்டினாள். பாலில் வேகவைத்துக் கொடுத்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். குழந்தை பாதியில் பாதியில் அழுதது.

"பூண்டு உள்ள போகாட்டிப் பாலு எப்புடிங்க ஊறும்?" என்றார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை; குழந்தையின் அழுகையைக் கேட்டு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நாளன்னைக்குக் காரு வரச் சொல்லிப்போட்டேன். இங்க தம்பிகிட்ட மொகத்தைத் திருப்புவா. அங்க வந்தா எனக்குப் பயந்தாவது திம்பா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் பொடக்காளிக்குப் போய்க் கட்டை அவிழ்த்தேன். தாள் இன்னும் வாடவில்லை. கிள்ளி மோந்து பார்த்தேன். பூண்டுதான், ஆனால் மூக்கைக் குத்தாத பூண்டு. கழுவித் தாளைப் பொடியாக அரிந்தேன், உருண்டைகளை முழுசாக வைத்துக்கொண்டேன். அத்தை பின்னாலேயே வந்து நின்றார்.

"இதென்ன கண்ணு, புல்லா?"

"பூண்டுங்க அத்தை."

"பல்லைக் காணோம்?"

"கொறைப் பிரசவமுங்க" என்றார் அப்பா, வாசற்படியில் நின்றுகொண்டு. அத்தை முறைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எண்ணெய் காய்ந்ததும் சீரகம், கறிவேப்பிலை, உரித்த வெங்காயம். உருண்டைகளை நிறம் மாறுவதற்கு முன்னாலேயே தண்ணீர் விட்டு மூடினேன். அவை நசுங்குகிற பதத்துக்கு வந்ததும் அரைத்த மிளகு, பேருக்குக் கொஞ்சம் புளி. தாளைக் கடைசியில் தூவி உடனே இறக்கினேன். குழைந்த சோற்றில் பிசைந்து கொண்டுபோனேன். அக்கா முதல் வாயைக் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இன்னுங் கொஞ்சம் போடுறா."

அத்தை சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "மொளகு ஒரு சிட்டிகை தூக்கல்." ராத்திரிக்குக் குறைத்துப் போட்டேன். அக்கா அதையும் வழித்துச் சாப்பிட்டாள்.

"சரி, இந்தத் தாளு தீந்துபோச்சுன்னா?" என்று அத்தை கேட்டார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "இது ஒரு வாரத்துக்கு வருமுங்க. அதுக்குள்ள நீங்க கொண்டாந்த பூண்டை வதக்காம வேகவெச்சுக் கடைஞ்சு, இதுகூடக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து பழக்கிருவனுங்க. நாக்குக்கே தெரியாது."

அத்தை பாத்திரத்தைக் கழுவப் போனார்.

காலையில் கார் வந்தது. அத்தை தன் பையை மட்டும் தூக்கி வைத்தார். குழந்தைத் துணி மூட்டை கட்டிலிலேயே கிடந்தது. "தெனமும் ஆக்கறதைப் போட்டோ எடுத்து அனுப்போணும், கண்ணு. கருக உட்டராதே." அப்பாவிடம் திரும்பி, "மிச்சமிருக்கற பாரையாச்சும் பங்குனி வரைக்கும் உட்டு வையுங்கண்ணா" என்றார். "செரிங்க" என்றார் அப்பா, பள்ளிக்கூடப் பையனைப் போல.

அக்காவிடம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். அவள் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை குழந்தையின் மேல் கிடந்தது. மத்தியானத்துக்கு மிளகு அரைக்க வேண்டியிருந்தது. மிக்ஸியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அம்மியைக் கழுவினேன்.