ஐந்து கல்பையன்களில் பேயோவுடையது எது?

கிராசியானா இரிபாரெனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெவாடாவின் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் அவள். பனிமூட்டத்தில் பிள்ளைகள் அழாமலிருக்க, வண்டிக்கு முன்னால் ஓடும் முயல்தான் வழி காட்டுகிறது, அதற்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுக்கிறது என்று நம்பவைத்தவள். ஆனால் அறுபத்தாறாம் வயதில், ஒரே ஒரு பொய் சொன்னால் வீட்டுக்குத் தண்ணீர் வரும் என்ற நிலை வந்தபோது, அவளுக்கு நாக்கு புரளவில்லை.

கிணறு கெட்டுப்போய் ஒன்பது வருஷமாகிறது. வாரத்துக்கு இரண்டு முறை டிரக்கில் தொட்டியை ஏற்றி, முப்பது மைல் போய்த் தண்ணீர் பிடித்துவர வேண்டும். குழாயைத் தூக்கித் தூக்கியே வலது தோள் போய்விட்டது. இந்த வருஷம்தான், பனி விழுவதற்குள் அவள் வீடுவரை நிலத்தடிக் குழாய் போட்டுத் தருவதாக மாவட்டத்தார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். குழாய் வரும் வழியில் ஒரு குன்று. குன்று அரசாங்க நிலம். அதன் உச்சியில் ஐந்து கல்பையன்கள்.

கல்பையன் என்றால் ஆளுயரத்துக்கு அடுக்கிய கல்தூண். ஸ்பெயினின் பாஸ்க் மலைகளிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர்கள், மாதக்கணக்கில் பேச ஆளில்லாமல், துணைக்கு அடுக்கி வைத்தது. அந்தப் பக்கம் போகிற மேய்ப்பன் ஒவ்வொருவனும் ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுப் போவான்; அதுதான் வணக்கம். கிராசியானாவின் அப்பாவும் அப்படி வந்த மேய்ப்பர்தான். பெரும் பனிப்புயலில் தான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கல்பையன்களே இறங்கி வந்து இரண்டாயிரம் ஆட்டையும் ஓட்டி அடைத்ததாகவும், பிறகு எண்ணிப் பார்த்தால் இரண்டு ஆடு கூடுதலாக இருந்ததாகவும் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாய்ப் பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை மதிப்பிட, ட்வைலா பெட்டிபோன் என்ற தொல்லியல்காரி வந்தாள். வெயிலில் மூக்கு உரிந்த முப்பது வயதுக்காரி. கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் பதினான்கு பக்கப் படிவம்.

"ஐம்பது வயசு தாண்டியிருக்கணும், எதுக்காக நிக்குதுன்னு சொல்ல ஒரு வரலாறு இருக்கணும், கட்டின மாதிரியே இருக்கணும். இவ்வளவுதாம்மா" என்றாள் ட்வைலா. "மூணும் சரியா இருந்தா பாதுகாப்புப் பட்டியலுக்குத் தகுதி. அப்புறம் குழாய் இந்தக் குன்று மேல வராது."

"வேற எப்படி வரும்?"

"சுத்தி வரணும். அந்தப் பக்கம் ஆர்வில் ஸ்டக்கியோட புல்வெளி. அவர் ஏற்கெனவே முடியாதுன்னுட்டார். வழக்குன்னு போனா ரெண்டு வருஷம்."

"தகுதியில்லேன்னா?"

"நேரா வரும். பனிக்கு முன்னாடி."

கிராசியானா தோளைத் தேய்த்துக்கொண்டாள். "இதுல ஒண்ணு எங்க அண்ணன் பேயோவும் நானும் அடுக்கினது. எழுபத்தொண்ணு கோடையில."

ட்வைலா விரல்விட்டு எண்ணினாள். "ஐம்பத்திரண்டு வருஷம். அப்போ அதுக்கும் வயசு வந்துடுச்சும்மா."

"அப்போ எனக்கு?"

"உங்களையும் படிவத்துல ஏத்தலாம். ஆனா கட்டின மாதிரியே இருக்கணுமே."

"இந்தத் தோளைப் பார்த்துட்டுச் சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ட்வைலா, "எதும்மா உங்களோடது?" என்று கேட்டாள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

கிராசியானா தயங்காமல் இடது ஓரத்துத் தூணைக் காட்டினாள். ட்வைலா கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு கல்லின் மேல் மஞ்சள் பாசி, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. "இது இவ்வளவு படர நூறு வருஷம் வேணும். நீங்க அடுக்கினதா இருக்கறது சந்தேகம்தான்."

"அப்போ நடுவுல இருக்கறது."

நடுவிலிருந்ததன் மேல்வரிசைக் கல்லில் பாசி தலைகீழாக, அடிப்பக்கத்தில் இருந்தது; யாரோ பின்னால் புரட்டி வைத்த கல். நாலாவதன் இடுக்கில் ஒரு நசுங்கிய பீர் டப்பா. "உங்க அண்ணன் குடிப்பாரா?"

"பதினேழு வயசு. எல்லாம் பண்ணுவான். ஆனா வழியில போறவன் எவனும் செருகியிருக்கலாமே."

ட்வைலா படிவத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். "அஞ்சுமே பசங்க விளையாட்டா அடுக்கினதுன்னா விஷயம் முடிஞ்சுது. குழாய் நேரா போகும். மேய்ப்பர்கள் அடுக்கினதுன்னா நிறுத்தணும். உங்களுக்கு என்ன தெரியுமோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தெரிஞ்சதை மட்டும்."

அந்தத் தாள் மூன்று நாள் சமையலறை மேஜையில் கிடந்தது. ஐந்தும் எங்களுடையது என்று எழுதினால் தண்ணீர் வரும். ஆனால் அப்பா இருந்த தடமே இல்லாமல் போகும். ஐந்தும் அப்பா காலத்தது என்றால் பேயோ போய்விடுவான். எழுபத்திரண்டில் வெள்ளிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராத பேயோ, இந்த உலகத்தில் தன் கையால் செய்து விட்டுப்போனது அந்த ஒரு கல்பையன்தான். அது எது என்று அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் அவளை அரித்தது.

நாலாம் நாள் ஆர்வில் ஸ்டக்கியைக் குன்றுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரே பள்ளியில் படித்தவன். தன் புல்வெளியில் அடுத்தவன் நிழல் விழுந்தாலும் கோபப்படுகிறவன். ட்வைலாவும் வந்திருந்தாள்.

"அன்னிக்கு நாங்க அடுக்கறதை வேலிமேல உட்கார்ந்து பார்த்தியே, எதுடா எங்களோடது?"

ஆர்வில் தொப்பியைக் கழற்றினான். காது சிவந்துவிட்டது. "கிராசி, அது வந்து... எதுவுமே இப்போ யாரோடதும் இல்லை."

"உளறாதே."

"எழுபத்திநாலுல குதிரையில கயித்தைக் கட்டி இழுத்து விளையாடினேன். மூணு விழுந்துடுச்சு. எங்கப்பா பெல்ட்டைக் கழட்டி, திரும்ப அடுக்கற வரைக்கும் சோறு கிடையாதுன்னுட்டார். கைக்கு வந்த கல்லையெல்லாம் அடுக்கினேன்."

"எந்த மூணு?"

"அழுதுட்டே அடுக்கினேன், எவன் பார்த்தான்?"

ட்வைலா கல்பையன் ஒன்றின் அடிக்கல்மீது அப்படியே உட்காரப்போய், நினைவு வந்து, தரையில் உட்கார்ந்தாள்.

"ஐம்பது வருஷமா வாயைத் திறக்கலையே, பாவி!" என்றாள் கிராசியானா. "ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்னுட்டு!"

"அதனாலதான் திறக்கலை. குழம்பு போயிடுமே."

கிராசியானா பேனாவை வாங்கி, முழங்காலில் தாளை வைத்து எழுதினாள்: 'சில எங்கப்பா காலத்தவை. ஒன்றை நானும் என் அண்ணனும் அடுக்கினோம். மூன்றை ஆர்வில் இடித்துத் திரும்ப அடுக்கினான். எது எது என்று எனக்குத் தெரியாது.' கையெழுத்துப் போட்டாள்.

ட்வைலா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "இதுக்கும் ஒரு கட்டம் இருக்கும்மா. 'தீர்மானிக்க முடியவில்லை.' அதை நிரப்பினா, தீர்மானிக்கற வரைக்கும் தகுதியுள்ளதாவே நடத்தணும். ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாது. குழாய் சுத்தித்தான் போகணும்."

கிராசியானா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். கீழே டிரக்கில் நிற்கும் தொட்டியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருஷம்.

ஆர்வில் தொப்பியை மாட்டினான், கழற்றினான். "புல்வெளி ஓரமா போகட்டும். வேலியை நானே பிரிச்சுத் தரேன். ஆனா கிராசி, பெல்ட் சமாச்சாரம் காபிக் கடைக்குப் போகக்கூடாது."

"சத்தியமா போகாது" என்றாள் கிராசியானா. சனிக்கிழமைக்குள் போய்விட்டது, போன இடத்தில் பெல்ட் சவுக்காகவும், மூன்று தூண் பதினொன்றாகவும் ஆகியிருந்தன.

அக்டோபர் கடைசியில் சமையலறையில் தண்ணீர் வந்தது. முதலில் துருவாக, பிறகு இருமிக்கொண்டு, பிறகு பளிச்சென்று. மறுநாள் கிராசியானா சட்டைப்பையில் ஐந்து கற்களைப் போட்டுக்கொண்டு குன்றேறினாள். பேயோவுக்கு ஒரு வணக்கம் போதும். ஆனால் எவன் பேயோ என்று தெரியாதவள் ஐவருக்கும்தானே கொண்டுபோக வேண்டும். உச்சிக்கு வந்த பிறகுதான் தொடக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. ஐந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

இறங்கி வரும்போது பையில் நாலு கல்தான் இருந்தது. பின்னர் ட்வைலா, ஒரு கல் கூடுதலாக இருக்கிறதே என்று தொலைபேசியில் கேட்டபோது, வழியில் விழுந்ததா, வேறெங்காவது ஏறியதா என்று தனக்கே குழப்பமாக இருப்பதாகவும், வேண்டுமானால் அதையும் அந்தக் கட்டத்திலேயே எழுதிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டாள்.