அம்மாவின் விரிப்பில் பூத்த உப்பு

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், அம்மா படுக்கையில் இருந்தபோது அன்போடு பார்க்க வந்தவர்கள். சிலர் பார்த்ததோடு நிற்காமல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, அதை ஊர் முழுக்கப் பேசியவர்கள். அவர்கள் மட்டும் இதை முழுவதும் படித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா பிறந்தது கடலாடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். வாக்கப்பட்டது சிக்கல் என்ற ஊருக்கு. அண்ணனும் நானும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எங்கள் அய்யா காலமாகிவிட்டார். அதன்பிறகு மிளகாய்க் காட்டை அம்மாவே பார்த்தார். ஆம்பளை இல்லாத வீடு என்று ஏமாற்ற வந்தவர்கள் அதிகம் என்பதாலோ என்னவோ, அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டார். மிளகாய் எடை போடும்போது தராசுத் தட்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். டி.வி.யில் மழை வராது என்று சொன்னால் உடனே களத்துக்கு ஓடி மிளகாயை அள்ளிவிடுவார்.

துணி விஷயத்தில் அம்மாவின் சந்தேகம் இன்னும் அதிகம். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு. சோப்பு போட்டால் நுரைக்காது. குழாயில் நல்ல தண்ணீர் வருவது அதன் இஷ்டம். அதனால் நினைத்த நேரத்தில் துவைக்க முடியாது. துவைக்கும் நாள் வரைக்கும் போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உதறி, வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டு எடுப்பார். சுத்தமான துணியில் எந்த வாசமும் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. வாசம் வந்தால் அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட அப்படித்தான். ஒரு வீட்டில் கை கழுவிவிட்டுத் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தவர், ஏதோ சென்ட் வாசம் வருகிறது என்று அந்த இடத்தை வேண்டாம் என்றுவிட்டார். பரமக்குடியில் என் வீட்டுக்காரர் வீட்டுத் துண்டில் வெயில் வாடை மட்டும்தான் இருந்ததாம். அந்தத் துண்டுதான் எனக்குத் தாலி கட்ட வைத்தது என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார்.

இப்படிப்பட்ட அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். அண்ணன் மனைவி, மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எங்கள் மதினி, வெட்டிவேரையும் எலுமிச்சைத் தோலையும் கொதிக்க வைத்து வடிகட்டி, பச்சைக்கற்பூரம் ஒரு சிட்டிகை சேர்த்து, இஸ்திரி போடுகிறவர்கள் வைத்திருப்பதுபோல ஒரு தெளிப்பு பாட்டிலில் ஊற்றி, படுக்கையில் அடிக்க ஆரம்பித்தார். வீடு முழுக்க வெட்டிவேர் மணம். அம்மா மூக்கைச் சுளித்தார். நானும் அம்மா வயிற்றில் பிறந்தவள்தானே, எனக்கும் சுருக்கென்றது.

ஒருமுறை பரமக்குடியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அம்மா படுத்திருந்த கருநீல விரிப்பில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். நகத்தால் சுரண்டினேன். உப்பு. தலையணை உறையிலும் உப்பு, கொடியில் கிடந்த அண்ணனின் கைலியிலும் உப்பு. மதினியைக் கேட்டால், பாட்டிலில் போர்வெல் தண்ணீரை ஊற்றியதாகச் சாதாரணமாகச் சொன்னார். அடுப்படியில் குடம் நிறைய நல்ல தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு டம்ளர் எடுக்க மனம் வரவில்லையா என்று எனக்கு ஆத்திரம். அடுத்த தடவை நானே ஒரு கேன் நல்ல தண்ணீரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்த தடவை போனபோது அந்தக் கேன் மூடிகூடத் திறக்காமல் மூலையில் இருந்தது. விரிப்பில் மறுபடியும் உப்பு.

அன்றைக்கு அம்மாவைப் பார்க்க வந்திருந்த எங்கள் சித்தி என் காதைக் கடித்தார். "மருமக தொவைக்கிறதே இல்ல போல. வாசத் தண்ணிய அடிச்சு அமுக்குறா" என்றார். நான் நினைத்ததையே அவரும் சொன்னார். அம்மாவை என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு கட்டி அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. தங்கியிருந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றார்.

தங்கினேன். தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு மதினியையே கவனித்தேன். விடிந்ததும் அவர் அம்மாவை மெல்லப் புரட்டி, இரவில் நனைந்திருந்த விரிப்பை உருவினார். குடத்திலிருந்த நல்ல தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, நனைந்த இடத்தைச் சோப்பு போட்டு அலசி வெயிலில் காயப்போட்டார். காய்ந்த பிறகு, அந்த உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன்மேல் தெளித்தார். பிறகு தலையணை உறை, துண்டு, கைலி, ஜன்னல் திரை என்று வீட்டிலுள்ள அத்தனை துணிக்கும் தெளித்துக்கொண்டே போனார். நல்ல தண்ணீரில் அலசிய துணியில் எதற்கு உப்புத் தண்ணீரை அடிக்கிறீர்கள் என்று கொல்லையில் மடக்கிக் கேட்டேன்.

"மெதுவாப் பேசுத்தா, அத்தை காதுல விழுந்துரும். எம்புட்டு அலசுனாலும் கருநீலத்துல வெள்ளையா வட்டம் நிக்கிது. ஒருநா அதைத் தடவிப் பாத்துட்டு அவுக அன்னைக்குப் பூரா சாப்பிடவே இல்ல. நாந்தான், அது நீங்க இல்ல அத்தே, நான் அடிச்ச போர்வெல் தண்ணி உப்புன்னு சொன்னேன். சொன்னது பொய்யாப் போயிறக் கூடாதுல்ல. அதான் எல்லாத் துணிக்கும் அடிக்கிறேன்."

அம்மாவை அழைத்துப் போகும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். ஆனாலும் தராசுத் தட்டுக்கு அடியில் கை விட்டவர் இதையா நம்புவார் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அண்ணன் கேட்டார். படுக்கை நனைவது வயதின் கோளாறு, அதில் அம்மாவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் மதினியின் பெயர் இந்த ஊரில் கெட்டுக் கிடக்கிறது. வாயால் பரவியதை அச்சில் போட்டுத்தான் நிறுத்த முடியும்.

அம்மாவின் கடைசி நாட்களில் வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், தங்கள் குழாய் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த அடுத்த வீட்டாருக்கும், அடக்கத்தன்று ஓடியாடி வேலை பார்த்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விரிப்பைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கும் நன்றி. பார்க்காமல் போயிருந்தால் எனக்கு இதை எழுதத் தோன்றியிருக்காது.

இன்னும் ஒன்று. அம்மா கண்ணை மூடுவதற்குச் சில நாள் முன்பு மதினி குழாயடிக்குப் போயிருந்தார். பாட்டில் காலியாக இருந்தது. நான் ஏதோ நினைப்பில், முன்பு கொண்டுவந்த அந்தக் கேனைத் திறந்து அதில் ஊற்றப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, அதுல நல்ல தண்ணி ஊத்தாத. உப்புத் தண்ணியே இருக்கட்டும். அவ சொன்னதை நான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

நான் கொல்லைக்குப் போய் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். மதினியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலரில்தான் படிக்கப்போகிறார்.