பதில் சொன்ன சேவல்

என் அக்கா பவானியைக் கட்டிய ரெங்கசாமி அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மின்சாரம் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வருகிற இந்த வருஷங்களில் யாங்கோனில் அவரைப் போல அலைகிறவர்கள் குறைவு. ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொள்வார்கள். அத்தான் ஓடுவார். கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, காத்து வரும், கீழ உட்காருங்க" என்று பர்மியத்தில் பேசிக்கொண்டே கதவைத் திறப்பார். அந்தக் குரலுக்காகவே அவரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. வேலை இடங்களில் அவர் பெயர் கோ மியோ. வீட்டில்தான் ரெங்கசாமி. பசுந்தாங்கில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கிற வீடு நாலாவது மாடியில். அதற்கு லிஃப்ட் கிடையாது.

அந்த வீட்டின் பின்பக்க வராந்தாவில் ஒரு சேவல் இருந்தது. பெயர் மிளகா. காட்டுக்கோழி முட்டையை வீட்டுக் கோழியின் கீழே வைத்துப் பொரித்தது. மிளகாய்ப்பழ நிறக் கழுத்து, கறுத்த வால், கூவினால் கடைசியில் வெட்டியது போல நிற்கும் குரல். விடியலுக்குக் கூவினால்கூடப் பரவாயில்லை. கரண்ட் போய்த் தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும்போதெல்லாம் அதற்குப் பதில் சொல்வது போல இதுவும் கூவும். மூன்றாம் மாடி தனபாக்கியம் அக்கா படிக்கட்டில் நின்று, "ரெங்கசாமி, கரண்டு போச்சுன்னு ஒன் சேவல் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று சத்தம் போடுவார். அத்தான் கையெடுத்துக் கும்பிடுவார். பண்டிகை நாட்களில் தனபாக்கியம் அக்கா வீட்டுக்கு முதலில் பலகாரம் போகும்.

மிளகா வேட்டைக்கு வளர்ந்த சேவல். நகரத்தில் பிறந்த அத்தான் வேட்டைக்காரர் ஆனது தற்செயலாகத்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்தியபோது அங்கே சிமெண்ட் சுமந்தவர் கோ தூன். லேகு தாண்டி, மூங்கில் காட்டோரம் அவருடைய ஊர். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, "அக்கோ, ஒரு தடவை வா, காட்டுக்கோழி கூவுறதக் கேளு" என்று அத்தானை அழைத்தார். அக்கோ என்றால் அண்ணன். போனவர் திரும்பி வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்ததாக அக்கா சொல்வாள். பிறகு கண்ணிக்கு நல்ல நைலான் கயிறு வாங்க அத்தான் பபேடானில் காஜா மைதீன் கடைக்குப் போனார். கயிறு, வலை, தார்ப்பாய் விற்கிற கடை. "என்ன புடிக்கக் கயிறு?" என்று கேட்ட காஜா மைதீன், பதிலைக் கேட்டதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அந்த வாரமே கூட வந்துவிட்டார்.

துப்பாக்கி என்ற பேச்சே கிடையாது. வளர்த்த சேவலை ஒரு முளையில் கால் கட்டி நிறுத்துவார்கள். சுற்றிலும் கண்ணி வைப்பார்கள். சேவல் கூவும். தன் இடத்தில் எவனோ நுழைந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் கோபமாக இறங்கி வந்து கண்ணியில் மாட்டும். உயிரோடு கிடைப்பதால் காஜா மைதீனுக்குப் பிஸ்மி சொல்லி அறுக்க வசதி. கிடைத்ததை மூன்று வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். அக்கா மிளகு தூக்கலாக அரைத்துப் போட்டு, அடுப்பில் நெடுநேரம் வேகவிடுவாள். அப்படியும் சவ்வு மாதிரி இழுக்கும். அத்தான் ஒரு எலும்பையும் விட மாட்டார்.

அந்தக் காட்டில்தான் கோழி குறைந்துகொண்டே வந்தது. முதலில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காஜா மைதீன்தான் ஆரம்பித்தார். மூங்கிலை அழித்து ரப்பர் வைத்துவிட்டார்கள், ரப்பருக்கு அடியில் கோழி எதைக் கிளறும் என்றார். கோ தூன் களைக்கொல்லி மருந்தைச் சொன்னார். அதோடு புதிதாக ஒரு கூட்டம் வருகிறது, கைபேசியில் பெட்டைக் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டு, நீள வலை கட்டி, குஞ்சு முதற்கொண்டு வாரிக்கொண்டு போகிறது என்றார். அத்தான் ஒன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"கோழி இருக்கு பாய். வாயத் தொறக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். வெவரம் தெரிஞ்சுபோச்சு அதுக்கு."

"ரெண்டு வருசமாவா வாயத் தொறக்கல?"

"நாமளுந்தான் எத்தன வருசமா எத்தனயோ விசயத்துக்கு வாயத் தொறக்கல."



நான் அந்த மாசியில் முதல் முறையாக அவர்களோடு போனேன். மருந்துக் கடையில் விடுமுறை கிடைத்திருந்தது. "வா மாப்ளே, ஒன் கண்ணால பாரு, இந்தப் பாய்க்கு நீயே சாட்சி சொல்லு" என்று அத்தான் கூட்டிக்கொண்டு போனார். மிளகாவை மூடிய கூடையில் வைத்துப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டார். சோதனைச் சாவடியில் கூடையைத் திறந்து பார்த்த சிப்பாய் சேவலைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடினான்.

விடிந்து வெயில் ஏறாத நேரத்தில் மூங்கில் புதருக்குள் பதுங்கினோம். மிளகா இறக்கையை அடித்துக் கூவியது. காடு சும்மா இருந்தது. இன்னொரு முறை கூவியது. எங்கோ மரங்கொத்தி தட்டுகிற சத்தம் மட்டும். அத்தான் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. அடுத்த முறை மிளகா கூவி முடித்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. சுருக்கமாக, வெட்டியது போல நிற்கும் குரல்.

அத்தான் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். "கேட்டியா? கேட்டியா?" என்று உதடு மட்டும் அசைந்தது. கண்ணில் தண்ணீர். காஜா மைதீன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மிளகா கூவ, அது கூவ, வெயில் ஏறியது. ஆனால் அந்தக் குரல் ஒரு அடிகூட நெருங்கவில்லை. கோழைப் பயல் என்றார் காஜா மைதீன். நாமே கொஞ்சம் கிட்டப் போவோம் என்று அத்தான் கண்ணிகளைச் சுருட்டி, மிளகாவைக் கூடையில் எடுத்துக்கொண்டு குனிந்தபடியே ஓடையில் இறங்கினார். நாங்களும் பின்னால் இறங்கினோம். நடு ஓடையில் நிற்கும்போது எதிர்க்கரைப் புதருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நல்ல தமிழில்:

"சனியனே, இன்னுங் கொஞ்சம் ஒரக்கக் கூவித் தொலையேன்! வர்றவன் திரும்பிப் போயிரப் போறான்!"

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். புதரை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் எழுந்தார். லுங்கியைத் தூக்கிச் செருகியிருந்தார், தலையில் துண்டு, கன்னத்தில் தனகாப் பூச்சு. பக்கத்தில் முளையில் கட்டிய ஒரு சேவல். மிளகாவுக்குக் கூடப்பிறந்தது போல அதே நிறம்.

அவர் எங்களைப் பார்த்தார். அத்தான் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். கூடைக்குள்ளிருந்து மிளகா கூவியது. அவருடைய சேவல் பதில் சொன்னது.

"அட கடவுளே" என்று அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் ஜெயகுமாரி. கியாக்தான் பக்கத்தில் வயல். கணவருக்கு முதுகுவலி என்பதால் அந்த முறை தனியாக வந்திருந்தார். வேட்டை அவருக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். அவர்கள் பக்கத்துப் புதர்க்காட்டில் கோழியே இல்லாமல் போய்விட்டதால், இங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். சோறும் ஙப்பி மீன் குழம்பும் கொண்டு வந்திருந்தார். எங்களிடம் சப்பாத்தியும் முட்டையும் இருந்தன. ஓடைக்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். சிரிப்பு அடக்க முடியாமல் காஜா மைதீனுக்குப் புரையேறியது.

"அண்ணே" என்றார் ஜெயகுமாரி, அத்தானைப் பார்த்து. "காலையிலேர்ந்து ஒங்க சேவல் என் சேவலக் கூப்புட்டுருக்கு. என் சேவல் ஒங்க சேவலக் கூப்புட்டுருக்கு. நடுவுல வேற ஒருத்தன் வாயத் தொறந்தானா?"

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "ஒருத்தனும் தொறக்கல."

வீட்டில் அக்கா மசாலா அரைத்து வைத்திருந்தாள். வெறுங்கையைப் பார்த்ததும் அதைப் பருப்பில் போட்டுக் கொதிக்கவிட்டாள். அத்தான் கூடையைத் திறந்து மிளகாவை வெளியே விட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். "நீ பாவம்டா" என்று அதனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சில வாரம் கழித்துக் காஜா மைதீன் கடையில் பேச்சு நடந்தது. கோ தூன் ஊரிலிருந்து வந்திருந்தார். ஜெயகுமாரி கைபேசியில், வைபரில். அத்தான், இனிமேல் கொஞ்ச காலத்துக்குக் கண்ணி வைக்க வேண்டாம் என்றார்.

காஜா மைதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம விட்டா அந்த ஸ்பீக்கர்க்காரப் பசங்க வாரிக்கிட்டுப் போவானுங்க. அவனுங்களுக்கு விட்டுக் குடுக்கவா நாம சும்மா இருக்கணும்?"

"சும்மா இருக்கச் சொல்லல பாய். போவோம். எப்பவும் போலப் போவோம். கண்ணி மட்டும் வேணாம்."

"கண்ணி இல்லாமப் போயி என்ன பண்றது?"

"உக்காந்து டீ போட்டுக் குடிக்கிறது."

கைபேசியில் ஜெயகுமாரி, "நான் வர்றேண்ணே" என்றார். கோ தூன் தலையசைத்தார். காஜா மைதீன் கயிற்றுக் கட்டு ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துவிட்டு, "டீத்தூள் நான் கொண்டு வர்றேன்" என்றார்.

அடுத்த பருவத்தில் அப்படித்தான் போனோம். ஸ்பீக்கர் கூட்டம் வந்தபோது ஓடைக்கரையில் எங்கள் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நாலைந்து வாலிபர்கள், முறைத்துப் பார்த்தார்கள். அத்தான் எழுந்து போய், லிஃப்டுக்குள் மாட்டியவர்களிடம் பேசுகிற அதே குரலில், உட்காருங்க, வெயிலா இருக்கு, லபெயே டீ குடிங்க என்றார். உட்கார்ந்தார்கள். காஜா மைதீன் தன் வேட்டைப் பெருமைகளை எடுத்துவிட்டார். அவர் குரலுக்கு அந்தக் காட்டில் ஒரு எறும்பும் தங்காது. அன்றைக்கு முழுக்க அவர்களால் வலை கட்ட முடியவில்லை. மறுநாளும் நாங்கள் அங்கேயே இருந்தோம். அவர்களில் ஒருவன் போகும்போது, "பெரியவரே, நீங்க என்னதான் புடிக்கிறீங்க?" என்று கேட்டான். "ஜலதோசம்" என்றார் அத்தான். அப்புறமும் ஒன்றிரண்டு முறை வந்தார்கள். புகையைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். எல்லாரையும் அப்படித் தடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. நாங்கள் இல்லாத நாட்களில் யார் வந்தார்களோ தெரியாது. அறுந்த வலைத் துண்டுகளைக் கோ தூன் பொறுக்கி வைத்திருந்தார்.

அதற்கடுத்த பருவம், தண்ணீர்த் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன். மிளகாவை வழக்கம்போல முளையில் கட்டிவிட்டு நாங்கள் புதரில் இருந்தோம். ஜெயகுமாரி தன் சேவலை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மிளகா கூவியது. மேட்டிலிருந்து பதில். இந்த முறை யாரும் யாருடைய முழங்காலையும் பிடிக்கவில்லை. மறுபடி கூவியது. பதில் கிட்டே வந்தது. பிறகு சருகு சலசலத்தது.

அது மூங்கில் நிழலை விட்டு வெளியே வந்தபோது வெயில் அதன் முதுகில் விழுந்தது. காஜா மைதீனின் கை தானாகத் தரையில் கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை. அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

காட்டுச் சேவல் நேராக மிளகா மேல் பாய்ந்தது. மிளகாவால் நகர முடியாது, கால் கட்டியிருக்கிறது. அத்தான் புதரை விட்டு ஓடினார். முளையைப் பிடுங்கி மிளகாவை விடுவித்துவிட்டு, தள்ளி நின்று, இரண்டும் மோதுவதைச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிப் பார்த்தார். காட்டுச் சேவல் அவரை மனிதனாகவே மதிக்கவில்லை. மிளகாவின் கொண்டையைக் கிழித்து, அடித்துத் துரத்தி, கல்மேல் ஏறி ஒரு முறை கூவிவிட்டு, அவசரம் ஒன்றும் இல்லாதது போல நடந்து போனது.

"என்னா அடி! என்னா அடி பாத்தியா மாப்ளே!" அத்தானுக்கு மூச்சு வாங்கியது. "இவன ஒரு பொருட்டாவே நெனைக்கல!"

"அண்ணே, தோத்தது ஒங்க சேவல்" என்றார் ஜெயகுமாரி.

"தோக்கட்டும்மா, தோக்கட்டும்!"

அவர் சட்டையெல்லாம் ரத்தம். மிளகாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பேருந்தில் வந்தார். அக்கா மஞ்சளைக் குழைத்துக் கொண்டையில் பூசினாள். "இத இப்புடிக் கொத்த விட்டுட்டு ஒங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று கடிந்தாள். அவர் திரும்பத் திரும்ப அந்தக் கதையையே சொன்னார். மூன்றாம் மாடிக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மழை பிடித்த பிறகு கோ தூன் கைபேசியில் பேசினார். ரப்பர் தோட்ட ஓரத்தில் ஒரு பெட்டை குஞ்சுகளோடு குறுக்கே போனதாம். எத்தனை குஞ்சு என்று அத்தான் கேட்க, எண்ணுவதற்குள் புதருக்குள் போய்விட்டது என்றார். அன்றைக்கே காஜா மைதீன், அப்படியென்றால் இந்த வருஷம் ஒரே ஒரு கண்ணி வைக்கலாமே என்று ஆரம்பித்தார். ஜெயகுமாரி வைபரில் கத்தினார். அத்தானுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. தாடையைத் தடவிக்கொண்டார்.

"ஒரு வருசம் பொறு பாய்" என்றார். "அந்தக் குஞ்சுங்க கூவட்டும். கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்."

காஜா மைதீன் முணுமுணுத்தார். ஆனால் சம்மதித்தார்.