நான் உப்பாக்கிய கிணறு

சகோதரங்களே, பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாத வீட்டில் ஒன்றரை வருசம் இருந்தனான். அந்தத் தனிமை நானே தேடிக்கொண்டது. அதிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கி எடுத்ததைச் சொல்லாமல் இருக்க ஏலாது. நான் அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டில் பஞ்சம், ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. மனைவி ஏற்கெனவே மோட்சம் போய்விட்டாள். ஒரே மகள் செலின் வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. லீவில் வந்தவள், குசினியில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்பு, ஆதியிலை கடலுக்கை இருந்த உயிருகள்தான் கனகாலமாய் மாறி மாறி வந்து நாங்களாய் ஆனது."

"அப்ப நான் வலையிலை பிடிக்கிறது என்ரை சொந்தக்காரரையோ?"

"ஓம், தூரத்துச் சொந்தம்," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதாமும் ஏவாளும் பொய்யோ என்று கேட்டேன். "நான் படிச்சதைச் சொன்னனான். ஆண்டவர் இல்லை எண்டு சொல்லேல்லையே," என்றாள். என் வாய் நிற்கவில்லை. இந்த வேதத்தை நம்பாத ஆள் இந்த வீட்டுச் சோறு தின்ன வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். முதல் பஸ்சில் போய்விட்டாள். அதன்பிறகு கடிதமும் இல்லை.

அடுத்த வருசம் மழை பிழைத்தது. எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் அதில்தான் அள்ளுவார்கள். ஆவணியில் தண்ணீர் அடியில் சேறாய்க் கிடந்தது. தீவில் கிணறு வெட்டுகிறவன் கல் தட்டினால் நிறுத்திவிடுவான். அது எனக்குத் தெரியும். ஆனால் இஸ்ராயேல் மக்களுக்குப் பாறையில் தண்ணீர் கொடுத்தவர் எனக்கும் தருவார் என்று நினைத்தேன். ஒன்பது நாள் நவநாள் செபம் சொல்லி, ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து, ஒவ்வொரு நாளும் செபம் முடிந்ததும் கல் உடைக்கிற அலவாங்கோடு உள்ளே இறங்கினேன். ஒன்பதாம் நாள் கல் உடைந்தது. தண்ணீர் பொங்கி வந்தது. நான் முழங்காலில் நின்று அழுதேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா ஒரு வாய் குடித்துத் துப்பினா.

"தம்பி, நீர் கடலை வளவுக்குள்ளை கொண்டுவந்திட்டீர்."

அதற்குப் பிறகு ஒருவரும் அள்ள வரவில்லை. நானும் தூரத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தேன். கிணற்றடிச் சத்தம் இல்லாமல் போனபோதுதான் வீடு எவ்வளவு வெறுமை என்று தெரிந்தது. செபமாலை சொல்ல இரண்டு பேர் வேண்டும். நான் முதல் பாதியைச் சொல்லி, மறு பாதியையும் நானே சொன்னேன். சில நாள் நடுவிலே நிறுத்திவிட்டு, யாராவது பதில் சொல்வார்களோ என்பதுபோல் சும்மா இருப்பேன்.

"ஆண்டவரே, தண்ணியை முந்தி மாதிரி ஆக்கும். பிள்ளையையும் முந்தி மாதிரி ஆக்கும்." மாதக்கணக்காய் இதே மன்றாட்டு.

ஒரு காலை கடற்கரையில் தோணிக்குப் பக்கத்தில் இருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சோழகக் காற்றுக் காலத்தில் நான் தோணி இழுத்த இடத்தில் மணலே இல்லை. வாடைக்காற்று அதை வேறு பக்கம் சேர்த்திருந்தது. இத்தனை வருசமாய்க் காற்றுக்கு ஏற்றபடி வலையையும் துறையையும் மாற்றினவன் நான். அதற்காக ஒருநாளும் ஆண்டவரோடு கோபித்ததில்லை. மாறுகிறதெல்லாம் அவர் கையில்தான் மாறுகிறது என்று அன்றைக்கு என் உள்ளத்தில் பட்டது. என் சொந்தப் புத்தி அப்படி ஓடாது. மன்றாட்டை மாற்றினேன்: "ஆண்டவரே, நான் என்ன செய்யவேணும் எண்டு காட்டும்."

வீட்டுக்கு வந்து மகளுக்கு எழுதினேன். "கிணறு உப்பாய்ப் போச்சு. நான்தான் கல்லை உடைச்சனான். அண்டைக்கு உன்னைப் பேசினதும் பிழை. இதுக்கு வழி ஏதும் தெரியுமோ?"

எட்டாம் நாள் அவளே வந்து இறங்கினாள். நேரே போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலை மிதக்கிறது, அப்பு. நீங்கள் அடியைத் திறந்துபோட்டியள். களிமண்ணாலை அடைச்சு மேலை மணல் போடுவம்."

"எவ்வளவு நாளிலை சரிவரும்?"

"இரண்டு மாரிமழையெண்டாலும் வேணும்."

"ஆண்டவர் உலகத்தைப் படைச்ச மாதிரி ஆறு நாளிலை ஏலாதோ?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "உங்கடை ஆண்டவரே அவசரப்படேல்லை, அப்பு. உங்களுக்கு என்ன அவசரம்?"

இரண்டு பேரும் நாலு நாள் மண் சுமந்தோம். மூன்றாம் மாரிக்குத்தான் தண்ணீர் வாயில் வைக்கக் கூடியதாய் வந்தது. ஆண்டவருக்குத் தோத்திரம். மகள் லீவுக்கு வருகிறாள். கோயிலுக்குச் சில ஞாயிறு வருவாள், சில ஞாயிறு வரமாட்டாள். நான் கேட்பதில்லை, அவளுக்காகச் செபிக்கிறேன். மற்ற மாதங்களில் இப்போதும் தனியாள்தான். ஆனால் கைவிடப்பட்டவன் இல்லை.

பிள்ளையோடு பேசாமல் இருக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, முந்தி மாதிரி வேண்டும் என்று கேட்டு நாளைப் போக்காதேயுங்கள். வழி காட்டும் என்று கேளுங்கள். அவர் காட்டுவார். எங்கள் பக்கம் வந்தால் வீட்டுக்கும் வாருங்கள், தண்ணீர் தருவேன். மெல்லிதாய்க் கரிக்கும். குடிக்கலாம்.