கெண்டிக்குச் சட்டை

ஊசியைத் துணியில் ஏற்றும் முன் ஒரு தரம், நூலை இழுத்த பின் ஒரு தரம், மடியிலுள்ள கெண்டியைத் தடவிப் பார்ப்பாள் நாராயணம்மா. சிப்காட் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் தையலை நிறுத்தி இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொள்வாள். லாரி போய் வெகுநேரம் கழித்துத்தான் கை விலகும்.

எங்கள் லைன் வீடுகளில் அவளுடையது கடைசி. பதினோரு வருடம் கம்பெனியில் பேக்கிங்கில் நின்றவள். கண்ணாடிச் சாமான் ஒன்று உடைந்தால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். வேலையை விட்ட பிறகும், யாராவது பெயர் சொல்லி அழைத்தால் திடுக்கிடுகிறாள். அப்படிப்பட்டவள் எதற்காக உடையும் சாமானுக்கே பை தைக்க வந்தாள் என்று கேட்பீர்கள். பயந்தவள் தைத்த பையில்தான் பீங்கான் உடையாது. இது என் கட்சி, மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எதிர் அடுக்குமாடியில் இருக்கும் சௌமியா, ஞாயிறுதோறும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போய், நாலு பேரை உட்காரவைத்து விதவிதமாகத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிற பெண். கிண்ணங்களுக்கு நாராயணம்மா தைத்த பஞ்சுப் பைகள் அவளுக்குப் பிடித்துவிட்டன. போன வாரம் தேநீர் ஊற்றுகிற கெண்டியையே கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் மண் கெண்டி.

"எங்கம்மா குடுத்ததுக்கா. இது ஒண்ணுதான் இருக்கு."

அன்றிலிருந்து நாராயணம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் டேப் வைத்து அளப்பதில்லை. "டேப்பு வயித்த அளக்கும், மூக்க அளக்குமா?" என்பாள். சாமானைத் துணியில் கிடத்தி, அதன் உடம்பின் மேலேயே தைத்துக்கொண்டு வருவாள்.

"பானைக்கெல்லாம் சட்டை தைக்கிற. என் சட்டைக்கு ஒரு பட்டன் வைக்க நேரமில்ல" என்பார் அவள் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி.

"நீ கீழ வுழுந்தா ஒடைய மாட்ட. சும்மா இருய்யா."

சனிக்கிழமை அந்தப் பயமே அவளை ஏமாற்றியது. கெண்டி உள்ளே ஆடக்கூடாதென்று இன்னொரு சுற்று, இன்னும் ஒரு சுற்று எனப் பையின் வாயைக் குறுக்கிக்கொண்டே வந்து முடிச்சும் போட்டுவிட்டாள். கிண்ணமானால் நழுவி வந்துவிடும். கெண்டிக்கு ஒரு பக்கம் மூக்கு, மறுபக்கம் கைப்பிடி. பை கச்சிதம், கெண்டி வெளியே வரவில்லை.

மறுநாள் காலை சௌமியா வாசலில் நின்றாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

"வரமாட்டேங்குது பாப்பா."

சௌமியா வாங்கி லேசாக இழுத்தாள். உள்ளே மூடி 'டக்'கென்றது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"கத்திரி போட்டுடலாமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"கத்திரிய கிட்ட கொண்டாராத. மூக்கு போயிரும்."

நாராயணம்மா பையை வாங்கி மடியில் வைத்தாள். பாதி பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிளேடு வழுக்கினால் தன்மேல் படட்டும் என்று, இடது ஆள்காட்டி விரலைத் துணிக்கும் கெண்டிக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலாக அறுத்தாள். ஐந்தாவது தையலில் பஞ்சு சிவந்தது.

"அக்கா, விரல எடுங்க."

எடுக்கவில்லை. மூக்கு முழுசாகத் தெரியும்வரை அறுத்துவிட்டு, ரத்தம் படாத கையால் கெண்டியை எடுத்து நீட்டினாள்.